ஏன்க்கா இத்தனை நோட்டு?
1875-ல் தக்காணத்தில் எரிந்த கடன் பத்திரங்களும் நம்ம கையில் இருக்கிற பாஸ்புக்கும்



நான் பதினாலு வருஷமாக எங்கள் குழுவின் கணக்கு எழுதி வருகிறேன். இப்போது கூட்டமைப்பின் கணக்குக் குழுவிலும் இருக்கிறேன். இந்தப் பதினாலு வருஷத்தில் நான் அதிகம் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான். "ஏன்க்கா இத்தனை நோட்டு? தீர்மான நோட்டு, ரொக்க நோட்டு, சேமிப்பு நோட்டு, கடன் பேரேடு, இது போதாதுன்னு ஆளாளுக்கு ஒரு பாஸ்புக். நம்ம பன்னெண்டு பேருக்குள்ள நம்பிக்கை இல்லையா?"

முன்பெல்லாம், "ஆடிட் வருவாங்க, கேப்பாங்க" என்று சொல்லி வாயை அடைத்துவிடுவேன். அது சரியான பதில் இல்லை என்று எனக்கே தெரியும். சரியான பதில் ஒரு பழைய கதையில் இருக்கிறது. நம்ம தருமபுரி மாவட்டத்துக்கும் அந்தக் கதைக்கும் ஒரு நூல் ஓடுகிறது. மலருக்குக் கட்டுரை கேட்டபோது அதையே எழுதலாம் என்று தோன்றியது.

பாராமகாலில் தொடங்கிய வரி

தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலத்தின் ஒரு பகுதி எல்லாம் சேர்ந்த நம்ம பூமிக்குப் பழைய பெயர் பாராமகால். 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து இது கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. அலெக்சாண்டர் ரீட் என்ற ராணுவ அதிகாரியும், அவருக்குக் கீழே இருந்த தாமஸ் மன்றோவும் இங்கே ஊர் ஊராக நிலத்தை அளந்தார்கள். நடுவில் ஜமீன்தார் இல்லாமல் ஒவ்வொரு விவசாயியிடமும் கம்பெனியே நேராக வரி வாங்கும் முறையை இங்கேதான் வளர்த்தார்கள். அதற்கு ரயத்துவாரி என்று பெயர். ரயத் என்றால் குடியானவர்.

கேட்க நல்ல முறை மாதிரிதான் இருக்கும். ஆனால் வரியைப் பணமாகக் கட்ட வேண்டும். மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் குறித்த தவணையில் கட்ட வேண்டும். விளைச்சல் கைக்கு வருவதற்கு முன்னாலேயே வரித் தவணை வந்தால் குடியானவர் என்ன செய்வார்? கடன் வாங்குவார்.

1818-ல் மராத்திய பேஷ்வா தோற்றபின் புனே சுற்று வட்டாரம் கம்பெனியிடம் போனது. அந்தத் தக்காணப் பகுதிக்கும் இதே ரயத்துவாரி முறை போனது. மழை குறைந்த மேட்டுக்காடு அது. சோளமும் கம்பும் விளையும் பூமி. அங்கேயும் வரி கட்டக் கடன், விதைக்குக் கடன், மாடு செத்தால் கடன், கல்யாணத்துக்குக் கடன். கடன் கொடுத்தவர் பெரும்பாலும் வெளியூரிலிருந்து வந்து கிராமத்தில் கடை போட்டிருந்த சவுகார். மளிகை விற்பவரும் அவரே, தானியம் வாங்குபவரும் அவரே, வட்டிக்கு விடுபவரும் அவரே.

பருத்தி காட்டிய ஆசை

1861-ல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. அதுவரை இங்கிலாந்து மில்களுக்குத் தேவையான பஞ்சில் முக்கால் பங்கு அமெரிக்காவிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. போரால் அது நின்றதும், பஞ்சுக்கு எல்லாரும் இந்தியாவைப் பார்த்தார்கள்.

பம்பாய் ஏற்றுமதி வியாபாரிகள் பணத்தைக் கொட்டினார்கள். அவர்கள் டவுன் சவுகாருக்குக் கொடுத்தார்கள். டவுன் சவுகார் கிராமத்து சவுகாருக்குக் கொடுத்தார். அவர் குடியானவருக்குக் கொடுத்தார். பருத்தி போடுகிற ஒவ்வொரு ஏக்கருக்கும் 100 ரூபாய் முன்பணம் கிடைத்தது என்றால் நினைத்துப் பாருங்கள், அந்தக் காலத்து 100 ரூபாய்! கேட்காமலேயே வீட்டுக்கு வந்து கடன் கொடுத்தார்கள். சிலர் பிழைத்தார்கள். பலருக்குக் கடன்தான் கூடியது.

1865-ல் போர் முடிந்தது. அமெரிக்கப் பஞ்சு மறுபடி கப்பல் ஏறியது. இங்கே விலை இறங்கியது. மேலே இருந்த வியாபாரி கையை மூடினார், கீழே வரைக்கும் எல்லாரும் கையை மூடினார்கள். "புதுக்கடன் கிடையாது, பழசைக் கட்டு" என்றார்கள்.

சரியாக அதே சமயத்தில் 30 வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் வரித் திருத்தம் வந்தது. பல இடங்களில் வரி 50 முதல் 100 சதவீதம் வரை ஏறியது. விலை பாதியாக, வரி ரெட்டிப்பாக. நம்மில் யாராவது இதைத் தாங்குவோமா?

மூணு வருஷத்துக்கு ஒரு பத்திரம்

கடனை விடக் கொடுமையானது கடன் பத்திரம்.

வட்டி குட்டி போடுவதைத் தடுக்க என்று 1859-ல் அரசு ஒரு காலவரையறைச் சட்டம் போட்டது. கடன் பத்திரம் மூணு வருஷத்துக்குத்தான் செல்லும் என்பது விதி. மக்களுக்கு நல்லது என்று நினைத்துப் போட்ட சட்டம் அது. நடந்தது வேறு. மூணு வருஷம் முடியும்போது சவுகார் வந்து, "பழைய பத்திரம் காலாவதியாகுது, புதுசுல ஒரு கைநாட்டு வை" என்பார். கட்டாமல் இருக்கிற வட்டி முழுக்கப் புதுப் பத்திரத்தில் அசலாக ஏறிவிடும். அந்த அசலுக்கு மறுபடி வட்டி.

சும்மா ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 ரூபாய் கடன், மாசம் ரெண்டு ரூபாய் வட்டி, எதுவும் கட்ட முடியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்திரம் மாற்றாமல் இருந்தால் 12 வருஷத்தில் அசலும் வட்டியும் 388 ரூபாய். மூணு வருஷத்துக்கு ஒருமுறை பத்திரம் மாற்றினால் 172, பிறகு 296, பிறகு 509, 12-வது வருஷம் 875 ரூபாய். ஒரு பைசா புதுக்கடன் வாங்கவில்லை. நாலு தடவை கட்டைவிரலை மையில் தொட்டதுதான் வித்தியாசம்.

வட்டி அசலைத் தாண்டக்கூடாது என்று அந்த ஊரில் ஒரு பழைய வழக்கம் இருந்தது. ஆங்கிலேயர் கோர்ட்டுகள் அதைப் பெரிதாகப் பார்க்கவில்லை. பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுவே சாட்சி. பின்னால் நடந்த விசாரணையில் வெளிவந்த ஒரு வழக்கில், 100 ரூபாய் கடனுக்கு 2,000 ரூபாய்க்கு மேல் வட்டி போட்டிருந்தது தெரிந்தது.

இன்னும் கேளுங்கள். கட்டிய பணத்துக்கு ரசீது கிடையாது. விளைச்சலை எடுத்துக்கொண்டு அடிமாட்டு விலையில் வரவு வைப்பார்கள். கடனுக்கு ஈடாகத் தன் வண்டியையும் மாட்டையும் எழுதிக் கொடுத்துவிட்டு, அதே வண்டியை, அதே மாட்டை வாடகைக்கு எடுத்து உழுதவர்கள் இருந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்குப் பத்திரத்தில் என்ன இருக்கிறது என்பது தெரியாது. தெரிந்தாலும் கைநாட்டு வைக்காவிட்டால் விதைக்குப் பணம் வராது.

கர்டே கிராமம்

1874 டிசம்பரில் புனே மாவட்டம் சிரூர் தாலுகாவில் கர்டே என்ற ஊரில் பிரச்சினை வெடித்தது. காளுராம் என்ற சவுகார் கோர்ட்டு டிகிரி வாங்கிக்கொண்டு வந்து, கடன்பட்ட ஒருவரின் வீட்டை இடிக்கப் போனார். ஊர்க்காரர்கள் வேண்டாம் என்று கெஞ்சினார்கள். அவர் கேட்கவில்லை.

அந்த ஊர் அப்போது கம்பைத் தூக்கவில்லை. எல்லாரும் உட்கார்ந்து பேசி ஒரு கட்டுப்பாடு போட்டார்கள். அவர்கள் கடையில் யாரும் சாமான் வாங்கக்கூடாது. அவர்கள் நிலத்தை யாரும் உழக்கூடாது. நாவிதர், வண்ணார், தச்சர், கொல்லர், செருப்புத் தைப்பவர் யாரும் அவர்களுக்கு வேலை செய்யக்கூடாது. வீட்டு வேலைக்கும் யாரும் போகக்கூடாது. சவுகார்கள் ஊரை விட்டு தாலுகா தலைநகருக்குப் போக நினைத்தபோது வண்டி ஓட்டக்கூட ஆள் வரவில்லை. இந்தக் கட்டுப்பாடு பக்கத்து ஊர்களுக்கும் பரவியது.

நாம் குழுவில் தீர்மானம் போடுகிறோமே, அது மாதிரி ஒன்று. நோட்டில் எழுதவில்லை, அவ்வளவுதான்.

சூபா சந்தை

ஆறு மாசத்துக்குள் பொறுமை தீர்ந்தது. 1875 மே 12-ஆம் தேதி சூபா என்ற சந்தை ஊரில் சுற்று வட்டாரக் குடியானவர்கள் திரண்டார்கள். சவுகார்களின் கடைகளுக்குள் புகுந்தார்கள். "பத்திரத்தைக் கொடு, கணக்குப் புத்தகத்தைக் கொடு" என்று கேட்டார்கள். வாங்கி நடுத்தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். தானியக் கடைகள் சூறையாடப்பட்டன. சில வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். அது நடந்தது, மறைக்கத் தேவையில்லை. ஆனால் பல ஊர்களில் பத்திரம் கைக்கு வந்தவுடன் கூட்டம் கலைந்துபோனது. அவர்களுக்கு வேண்டியது அந்தக் காகிதம்.

புனேயிலிருந்து அகமத்நகர் மாவட்டத்துக்கும் பரவியது. ரெண்டு மாசத்தில் 30-க்கும் மேற்பட்ட கிராமங்கள். 1857 கலகம் நடந்து 18 வருஷம்தான் ஆகியிருந்தது. அந்தப் பயத்தில் அரசு ஊர் ஊராகப் போலீஸ் சாவடி போட்டது, ராணுவத்தையும் இறக்கியது. 951 பேர் கைதானார்கள். பலருக்குத் தண்டனை.

இது ஒரு ஊரில் மட்டும் நடந்த கோபம் இல்லை. அதற்கு 20 வருஷம் முன்னால், இன்றைய ஜார்க்கண்டில் சந்தால் பழங்குடி மக்கள் எழுந்தார்கள். 1855 ஜூன் 30 அன்று பொக்னாடி கிராமத்தில் சித்து, கானு என்ற சகோதரர்கள் பின்னால் ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். அங்கேயும் வட்டிக்காரர், ஜமீன்தார், போலீஸ் என்ற மூணு பக்கத்து நெருக்கடிதான். வாங்கும்போது ஒரு எடை, விற்கும்போது ஒரு எடை என்று வியாபாரிகள் ஏமாற்றியதும் அந்தக் கோபத்தில் சேர்ந்தது. சித்து, கானுவின் சகோதரிகள் பூலோ, ஜானோ இருவரையும் அந்த மக்கள் இன்றும் வீராங்கனைகளாகக் கொண்டாடுகிறார்கள். அந்த எழுச்சியை ராணுவம் ரத்த வெள்ளத்தில் அடக்கியது. பல்லாயிரம் பேர் செத்தார்கள்.

கமிஷன் யாரைக் குற்றம் சொன்னது?

தக்காணக் கலவரத்தை விசாரிக்க ஒரு கமிஷன் போட்டார்கள். கமிஷன் ஊர் ஊராகப் போய் வாக்குமூலம் வாங்கியது. பத்திரங்களையும் வட்டி விவரங்களையும் சேகரித்தது. 1878-ல் அந்த அறிக்கை இங்கிலாந்துப் பாராளுமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. இன்று நமக்கு இந்தக் கதை இவ்வளவு விவரமாகத் தெரிவது அதனால்தான்.

ஆனால் அதன் முடிவைப் பாருங்கள். வரிச் சுமை காரணம் இல்லை, சவுகார்தான் காரணம் என்றது. வரியை ஏற்றிய அரசு தன்னைத் தானே விசாரித்து விடுதலை செய்துகொண்டது. சவுகார் யோக்கியர் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அவருக்கு மேலே டவுன் வியாபாரி, அவருக்கு மேலே பம்பாய், அதற்கும் மேலே இங்கிலாந்து மில், பக்கத்திலேயே வரி கேட்கும் கலெக்டர் ஆபீஸ். வாசலில் வந்து நிற்கும் ஆளின் முகம் மட்டும்தான் நமக்குத் தெரியும். அவர் எந்த சாதி, எந்த ஊர் என்று பேசுவதில் பிரயோசனம் இல்லை. பணம் எங்கிருந்து வருகிறது, லாபம் எங்கே போகிறது என்று கேட்கப் பழக வேண்டும்.

சட்டத்தில் ஏறிய பாஸ்புக்

கலவரம் நடந்த அடுத்த வருஷமே பெரும் பஞ்சம் வந்தது. நம்ம பக்கத்தில் தாது வருஷப் பஞ்சம் என்று பாட்டிமார் சொல்வார்களே, 1876 முதல் 1878 வரை தக்காணத்தையும் சென்னை மாகாணத்தையும் சேர்த்து வாட்டியது அதுதான். அதற்குப் பிறகு, 1879-ல் தக்காண விவசாயிகள் நிவாரணச் சட்டம் வந்தது. புனே, சதாரா, சோலாப்பூர், அகமத்நகர் ஆகிய நாலு மாவட்டங்களுக்கு.

அந்தச் சட்டத்தில் என்ன இருந்தது தெரியுமா? கடனுக்காக விவசாயியை ஜெயிலில் போடக்கூடாது. பத்திரத்தில் இருப்பதை அப்படியே நம்பாமல், கடன் எப்படி ஆரம்பித்தது, எவ்வளவு வாங்கினார், எவ்வளவு கட்டினார் என்று கோர்ட்டு முதலிலிருந்து விசாரிக்க வேண்டும். கிராமப் பதிவாளர் முன்னால்தான் கடன் பத்திரம் எழுத வேண்டும். கட்டிய பணத்துக்கு எழுத்து ரசீது கேட்க விவசாயிக்கு உரிமை உண்டு. வருஷத்துக்கு ஒருமுறை கணக்கு விவரம் கேட்க உரிமை உண்டு. தன் பெயரில் ஒரு பாஸ்புக் கேட்டு வாங்கவும், அதில் அன்றன்றைய கணக்கை எழுதித் தரச் சொல்லவும் உரிமை உண்டு.

இதை முதல் தடவை படித்தபோது நான் என் பையில் இருந்த பாஸ்புக்கை எடுத்துப் பார்த்தேன். ரசீது, வருஷக் கணக்கு, பாஸ்புக். நாம் "தொல்லை" என்று சொல்கிற மூணு சாமானையும் உரிமை என்று சட்டத்தில் ஏற்ற, 951 பேர் கைதாக வேண்டியிருந்தது.

சட்டம் வந்ததோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. அடமானம் என்று எழுதினால் கோர்ட்டு கேள்வி கேட்கும் என்று, கிரயம் என்றே எழுதி வாங்கத் தொடங்கினார்கள். "பேருக்குத்தான் கிரயம், பணம் கட்டினா திருப்பித் தர்றேன்" என்ற வாய்வார்த்தையை நம்பிப் போன நிலம் எவ்வளவோ. நம்ம ஊரிலும் இந்தக் கதை தெரியும்தானே?

வேறு கடன் கிடைக்க வழி இல்லாதவரை எந்தச் சட்டத்தையும் சுற்றி ஒரு வழி கண்டுபிடித்துவிடுவார்கள். சென்னை மாகாண அரசு பிரடெரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை இதைப் படித்துவர ஐரோப்பாவுக்கு அனுப்பியது. ஜெர்மனியில் ரைஃபைசன் என்பவர் வழிகாட்டிய கிராமக் கடன் சங்கங்களை அவர் ஆராய்ந்தார். ஊர்க்காரர்களே பணம் சேர்த்து, ஊர்க்காரர்களுக்கே கடன் கொடுக்கும் முறை அது. அவருடைய அறிக்கை 1895-லும் 1897-லும் வெளிவந்தது. 1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே வருஷம் திருவள்ளூர் பக்கம் திரூரில் சங்கம் தொடங்கியது.

அந்தச் சங்கங்களில் நிலம் உள்ளவர்தான் பெரும்பாலும் உறுப்பினர். நிலப் பட்டா ஆண் பெயரில். அதனால் நம்மைப் போன்றவர்களுக்கு அந்த வாசல் திறக்க இன்னும் ரொம்பக் காலம் ஆனது. 1989-ல் தமிழ்நாட்டில் அரசு உதவியோடு மகளிர் சுயஉதவிக் குழுக்கள் முதலில் தொடங்கியது நம்ம தருமபுரி மாவட்டத்தில். ரயத்துவாரி வளர்ந்த அதே பாராமகாலில்.

நம்ம வீட்டில்

என் ஆயாவுக்குக் கையெழுத்துத் தெரியாது. தாத்தா செத்தபின் ஒருவர் காகிதம் கொண்டு வந்தார், கைநாட்டு வைத்தார், முக்கால் ஏக்கர் மேட்டுக்காடு போனது. "என்ன காகிதம்னு கேக்கலையா ஆயா?" என்று நான் சின்ன வயசில் கேட்டிருக்கிறேன். "கேட்டா மரியாதையா இருக்காதுடி" என்றார். அந்தப் பதில் இன்னும் என் காதில் இருக்கிறது.

அது பழைய காலம் என்று விட முடியவில்லை. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் பக்கத்துக் குழு உறுப்பினர் ஒருவர் வெளியே ஒரு இடத்தில் கடன் வாங்கி வாரா வாரம் கட்டி வந்தார். முடியும் நேரத்தில் ஆறு தவணை பாக்கி என்றார்கள். "நான் கட்டினேன்க்கா, சாமி சத்தியமா கட்டினேன்" என்று கூட்டத்தில் அழுதார். அட்டையில் பதிவு இல்லை, ரசீதும் இல்லை. வசூலுக்கு வந்த தம்பி வேலையை விட்டுப் போயிருந்தார். சத்தியத்தை எந்தக் கணக்கில் எழுதுவது? கடைசியில் எங்கள் உள்கடனிலிருந்துதான் அந்த ஆறு தவணையும் கட்டினோம்.

அந்த வாரமே இன்னொரு சகோதரி, "பழைய லோன் முடியலைன்னா பரவாயில்ல, அதையும் சேர்த்துப் புது லோன் போட்டுத் தர்றாங்களாம்" என்று சந்தோஷமாகச் சொன்னார். எனக்கு சூபா சந்தைதான் ஞாபகம் வந்தது. மூணு வருஷப் பத்திரம் பேர் மாறி வந்திருக்கிறது. கைநாட்டு வைத்த இடத்தில் இப்போது செல்போனில் விரல் வைக்கிறோம்.

நான் பயமுறுத்தவில்லை. கடன் வாங்காமல் நம்மால் பிழைக்க முடியாது, அது எனக்கும் தெரியும். கேட்டு வாங்குங்கள் என்றுதான் சொல்கிறேன். எவ்வளவு அசல், எவ்வளவு வட்டி, எத்தனை தவணை என்று எழுதி வாங்குங்கள். வெற்றுக் காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். பணம் கொடுத்தால் பதிவு ஆகும்வரை இடத்தை விட்டு நகராதீர்கள். கேட்டால் மரியாதை போகாது. கேட்காததால் முக்கால் ஏக்கர் போனது.

நம்ம குழு நோட்டுக்கும் இதே விதிதான். நான் எழுதுகிற கணக்கையும் நம்பி விடாதீர்கள். அடுத்த கூட்டத்தில் ஒரு வேலை செய்வோம். ஆளாளுக்குப் பாஸ்புக்கைத் திறந்து, அவரவர் சேமிப்பையும் கடன் பாக்கியையும் வாய்விட்டுப் படிப்போம். படிக்க வராத அக்காவுக்குப் பக்கத்தில் இருப்பவர் படித்துக் காட்டட்டும். பேரேட்டில் இருப்பதும் பாஸ்புக்கில் இருப்பதும் ஒத்துப் போகிறதா என்று அங்கேயே பார்ப்போம். அரைமணி நேரம் ஆகும். ஒத்துப் போகாவிட்டால் அந்த இடத்திலேயே என்னைக் கேளுங்கள்.

சூபா சந்தையில் அவர்கள் நோட்டை எரித்தார்கள், ஏனென்றால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க அவர்களுக்கு வழி இல்லை. நம்ம நோட்டு நம்ம கையில் இருக்கிறது. வாங்க, படிப்போம்.